கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்

அவளுடைய கால்விரல்களைத்தான் முதலில் பார்த்தேன். மெட்டி போட்ட விரல்கள் உட்பட பத்தும் நாவற்பழம் தின்ற நாக்கைப் போல நீலம் பாரித்திருந்தன. கைவிரல்கள் மட்டும் நம் எல்லோருடையவை போலவே இருந்தன.

"மேம், மாடி ஏற முடியல, நீங்க கீழ வர்றீங்களா" என்று ஒரு மாணவியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். 2022இல் எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் முடித்தவள். இறுதிப் பருவத்திலேயே கல்யாணம் ஆகி, மஞ்சள் காயாத தாலிக் கயிற்றோடு வந்து தேர்வெழுதினாள். இரண்டு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு. "உங்களுக்கும் சின்ன வயசுல ஹார்ட் ஆபரேஷன் ஆச்சுன்னு வகுப்புல ஒரு நாள் சொன்னீங்கல்ல மேம், அதான் வந்தேன்" என்றாள்.

கோப்பைப் பிரித்தேன். எனக்கு இருந்த அதே குறை. நான் 1987இல் எட்டு வயதில் அதைச் சரிசெய்துகொண்டு இன்று இரண்டு மாடி ஏறிப் பாடம் நடத்துகிறேன். நான் பிறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் அவள். இலவச சிகிச்சைத் திட்டம் வந்த காலத்தில், பள்ளிக்கூடத்திலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டவள். அவளால் மாடி ஏற முடியவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தத் திண்ணைதான். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

*

வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாயையும் உடலுக்குப் போகும் மகாதமனியையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடுவதில்லை. அப்போது உடலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போய்ச் சேர்கிறது. இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, எடை ஏறுவதில்லை, மாதம் ஒரு முறை சளியும் காய்ச்சலும் வருகின்றன.

எனக்கு அப்படித்தான் இருந்தது. "நோஞ்சான்" என்று வீட்டில் பெயர். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் டாக்டர்தான் சளிக்கு மருந்து எழுதப்போனவர் ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் என் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். சென்னைக்குப் போகச் சொன்னார். அப்பாவின் முதல் கேள்வி எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது: "பொட்டப்பிள்ளைக்கு முதுகுல வெட்டா? நாளைக்கு யாரு கட்டுவா?" அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உசுரோட இருந்தாத்தான கட்டுறதுக்கு."

இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகிலிருந்து பக்கவாட்டுக்கு வளைந்து வரும் தழும்பு எனக்கு இருக்கிறது. விலா எலும்புகளை விலக்கி, அந்தக் குறுக்குக் குழாயைக் கட்டிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஓடினேன். உயிரைக் கொடுத்த அதே அம்மாதான் பிறகு பத்தாண்டு காலம் என் ஜாக்கெட்டுகளின் பின்கழுத்தைக் கழுத்தெலும்பு வரை ஏற்றித் தைத்தார். பெண் பார்க்க வந்தபோது தரகர், "அதெல்லாம் எதுக்கும்மா சொல்லிக்கிட்டு" என்றார். அம்மாவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். இரண்டு வீட்டார் திரும்ப வரவில்லை. மூன்றாவதாக வந்தவர், "இப்ப சரியாயிடுச்சுல்ல" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்குப் பதினேழு வயதில் மகள் இருக்கிறாள். மாவட்ட மருத்துவமனையில் சுகப்பிரசவம்.

அவள் கதைக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவள் நெஞ்சில் முரல் ஒலி கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2008லேயே பள்ளிப் பிள்ளைகளுக்காக இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்துவிட்டது. பணம் கட்ட வேண்டியதில்லை. எக்கோ எடுத்தார்கள். மூட வேண்டும் என்றார்கள். வீடு கூடிப் பேசியது. "நல்லாத்தான ஓடியாடுறா", "நெஞ்சைப் பிளந்தா குடும்பத்துக்கே பேராயிடும்", "வயசுக்கு வரட்டும்". வயதுக்கு வந்த பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம். புருஷன் வீட்டுல பார்த்துக்குவாங்க."

அவளுக்கு ஒரு தம்பி. பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது அன்றிரவே மதுரைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்தார்கள். அவன் லுங்கியை மடித்துக்கட்டி அந்தத் தழும்பைக் காட்டித் திரிகிறானாம்.

*

"அப்புறம்" என்ற சொல்லுக்குள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தமான ரத்தம் ஆண்டுக்கணக்கில் நுரையீரலுக்குள் பாய்ந்தால் அங்குள்ள நுண்ணிய குழாய்கள் தடித்து இறுகுகின்றன. நுரையீரல் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அது உடலின் அழுத்தத்தைத் தாண்டிவிடும். அதுவரை இடமிருந்து வலமாக ஓடிய ரத்தம் திசை மாறும். பிராணவாயு இல்லாத ரத்தம் உடலுக்குள் கலக்கும். குறுக்குக் குழாய் மகாதமனியில் சேரும் இடம் கைகளுக்குப் போகும் கிளைகளைத் தாண்டி இருப்பதால் கை விரல்கள் தப்பிக்கின்றன, கால் விரல்கள் நீலமாகின்றன. இதற்கு ஐசன்மெங்கர் நிலை என்று பெயர். அந்த நிலைக்குப் போய்விட்டால் குழாயை மூடவும் முடியாது. இறுகிப்போன நுரையீரலுக்கு எதிராகத் திணறும் இதயத்துக்கு அந்த ஓட்டைதான் அப்போது ஒரே வடிகால். அதை அடைத்தால் இதயம் செயலிழக்கும்.

ஏழு வயதில் மூடியிருக்க வேண்டிய ஓட்டை, இருபத்திரண்டு வயதில் மூடக்கூடாத ஓட்டை ஆகிவிட்டது. இடையில் நடந்தது பதினைந்து ஆண்டு கால "அப்புறம்".

அவள் கர்ப்பமானாள். ஐசன்மெங்கர் நிலையில் கர்ப்பம் என்பது உயிரோடு விளையாடுவது. மூன்று பேரில் ஒருவர் வரை இறந்துபோன கணக்குகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. பத்தாவது வாரத்தில் மூச்சுத் திணறிப் போய் நின்றபோதுதான் புகுந்த வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. "ஏமாத்திட்டீங்க" என்றார்கள். கருவைக் கலைக்க மருத்துவர்கள் சொன்னார்கள். "புருஷன் கையெழுத்து வேணும்" என்று யாரோ அங்கே சொல்லியிருக்கிறார்கள். கணவன் வர மறுத்தான். இரண்டு நாள் போனது. தோழிகளே, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் கர்ப்பத்தைக் கலைக்க அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவன், மாமியார், அப்பா எவருடைய கையெழுத்தும் சட்டத்துக்குத் தேவையில்லை. அவள் சம்மதித்தாள். பிழைத்தாள். அங்கிருந்து அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

தழும்பு விழுந்தால் கல்யாணம் ஆகாது என்று சொன்னவர்கள் கல்யாணத்தை நடத்திக் காட்டினார்கள். தழும்பும் இல்லை, கல்யாணமும் இல்லை, இதயமும் இல்லை. "தழும்பு விழுந்திருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு அம்மா இப்பச் சொல்றாங்க மேம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

*

இது ஒரு வீட்டின் அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஆண் குழந்தைகளில் 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றிருந்தார்கள். பெண் குழந்தைகளில் 44 விழுக்காட்டினர் மட்டுமே. அதே மருத்துவமனை, அதே நோய், அதே கட்டணம். ஏழ்மைதான் காரணம் என்றால் ஏழ்மை ஏன் மகனுக்கு வழிவிட்டு மகளை மட்டும் மறிக்கிறது?

"அது டெல்லி, வடக்கே அப்படித்தான்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். என் வகுப்பறை டெல்லியில் இல்லை.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நூறு பிறப்புக்கு ஏறக்குறைய ஒன்று. அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே சிகிச்சை வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை, எனக்கும் அவளுக்கும் இருந்த மூடாத குறுக்குக் குழாய் ஆகிய இரண்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகின்றன, ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்டுபிடித்தால் முழுமையாகச் சரிசெய்யக்கூடிய குறைகளும் இவைதான். குழாய் மூடாத பெரும்பாலானோருக்கு இன்று முதுகை வெட்டுவதே இல்லை. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகக் கம்பிகளால் பின்னிய ஒரு சிறு அடைப்பானைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். மேலறைச் சுவர் ஓட்டைகளிலும் பலவற்றை அப்படியே அடைக்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்பலாம். எல்லா ஓட்டைக்கும் இது பொருந்தாது. சிலவற்றுக்கு நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆனால் எது பொருந்தும் என்று கேட்கக்கூடப் போகாமல், விழாத தழும்புக்குப் பயந்து பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறோம்.

*

இந்த மருத்துவத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குக் கோபம் இன்னும் கூடியது. 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் முதன்முதலாக மூடாத குறுக்குக் குழாயைக் கட்டினார். அவர் கத்திக்குக் கீழே இருந்தது ஏழு வயதுச் சிறுமி. 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் "நீலக் குழந்தை"க்கான முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐலீன் என்ற ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தைக்கு. 1952இல் மினசோட்டாவில் உடலைக் குளிரவைத்து இதயத்தைத் திறந்து ஓட்டையைத் தைத்தார்கள். ஐந்து வயதுச் சிறுமிக்கு. 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றியைக் கண்டார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு. இதய அறுவைச் சிகிச்சையின் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது மேசையில் படுத்திருந்தவை பெண் உடல்கள்.

வாசலைக் கண்டுபிடித்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். கனடாவின் மாட் அபட்டுக்கு மெக்கில் பல்கலைக்கழகம் மருத்துவம் படிக்க இடம் தரவில்லை, பெண் என்பதால். வேறு கல்லூரியில் படித்து வந்தவருக்கு அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாடிகளில் கிடந்த இதயங்களை வகைப்படுத்தி, ஆயிரம் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, பிறவி இதயக் குறைகளுக்கான பெருநூலை 1936இல் வெளியிட்டார். ஹெலன் டாசிக்கிடம் ஹார்வர்டு, நீ வகுப்பில் உட்காரலாம், பட்டம் தரமாட்டோம் என்றது. அவருக்குக் காது கேட்கும் திறனும் குறைந்துபோனது. விரல்களைக் குழந்தைகளின் நெஞ்சில் வைத்து இதயத்தைப் படிக்கக் கற்றார். நீலக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போதவில்லை, புதிதாக ஒரு வழி அமைத்தால் பிழைக்கும் என்று சொன்னவர் அவர். ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து அதைச் சாத்தியமாக்கியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். அவரிடம் கல்லூரிப் பட்டம்கூட இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் ஆல்ஃபிரட் பிளலாக்கின் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழிகாட்டினார். அவர் பெயர் பல ஆண்டுகள் எங்கும் இல்லை.

டாசிக்கிடம் பயின்றவர்களில் ஒருவர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர். 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார்.

ஒதுக்கப்பட்டவர்கள் கைப்பிடித்துக் கொண்டுவந்த மருத்துவம் இது. அதை நம் வீட்டுப் பெண் குழந்தைக்குக் கொடுக்க ஜாதகக்கட்டு வழிவிட மறுக்கிறது.

*

குறை கண்டுபிடிக்கப்பட்டதும் அடுத்த கேள்வி, யார் குற்றம்? இதற்கு நம் ஊரில் பதில் தயாராக இருக்கிறது. என் அம்மாவை அப்பத்தா கேட்டார்: "கிரகணத்தன்னைக்கு அருவாமனையைத் தொட்டியா?" அம்மா தொட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் சாகும்வரை அந்தச் சந்தேகம் அம்மாவை விடவில்லை. என் மாணவியின் அம்மாவிடம், மாசமா இருக்கும்போது நீ செத்த வீட்டுக்குப் போனாய் என்றார்களாம்.

கருவில் இதயம் மூன்றாவது வாரத்தில் உருவாகத் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் அறைகளும் சுவர்களுமாக அமைந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் உறுதிசெய்துகொள்வதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்துக் கிரகணமும் ஏழாம் மாதத்துப் பப்பாளியும் இதயத்துச் சுவரை என்ன செய்துவிட முடியும்? பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடிவதில்லை. தெரிந்த காரணங்களில் குரோமோசோம் மாற்றங்கள், கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகள், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா அம்மை ஆகியவை உண்டு. ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிதோறும் அதைப் போட்டபோது வாட்ஸப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த வீடுகளை நான் அறிவேன்.

உறவுக்குள் திருமணமும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள்தான். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தது யார்? சொத்து வெளியே போகக்கூடாது, சாதி கலையக்கூடாது என்று முடிவெடுத்த சபையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாளா? முடிவெடுத்தவர்கள் எல்லோரும் பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவளிடம் அருவாமனையைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

பழி அம்மாவுக்கு. சரி, பேச்சையாவது கேட்கிறார்களா? பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கிறது, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துகிறது, எடை ஏறவில்லை, அழும்போது உதடு கறுக்கிறது, ஓடிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இவை எல்லாமே இதயக் குறையின் அறிகுறிகள். இவற்றை முதலில் பார்ப்பவள் அம்மாதான், ஏனென்றால் பால் கொடுப்பவள் அவள். "முதல் பிள்ளைல்ல, பயப்படுற" என்று அவளை வாயடைக்க வைக்கிறோம். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் அதை மாட்டிப் பார்த்தால் ஆபத்தான குறைகளில் பலவற்றை வீட்டுக்கு அனுப்பும் முன்பே சந்தேகிக்க முடியும். எனக்கு இருந்தது போன்ற குறையை அது காட்டாது. அதற்கு ஸ்டெதஸ்கோப் பிடித்த பொறுமையான ஒரு காது வேண்டும். அம்மா சொல்வதைக் கேட்கும் இன்னொரு காதும் வேண்டும்.

*

நான் புறநானூறு நடத்துகிறவள். மார்பில் பட்ட புண் விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். மகன் முதுகில் புண்பட்டு இறந்தான் என்று கேள்விப்பட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, ஈன்ற நாளைவிட அவள் மகிழ்கிறாள். ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். ஆண்டுதோறும் முதுகில் தழும்போடு கரும்பலகையின் பக்கம் திரும்புகிறேன்.

ஆண் மார்பின் தழும்பைப் பாட்டில் வைத்த மொழி இது. பெண் மார்பின் தழும்பை ஜாக்கெட்டுக்குள் ஒளிக்கச் சொல்கிற ஊரும் இதுதான். என் மாணவியின் தம்பி காலைக் காட்டித் திரிகிறான். அவளுக்கோ தழும்பே விழக்கூடாது என்றார்கள். பிறந்த ஏழாம் நாளில், ஏழாம் மாதத்தில், ஏழாம் வயதில் சாவோடு மல்லுக்கட்டி வென்றுவந்த குழந்தையின் நெஞ்சில் இருப்பது விழுப்புண் இல்லையென்றால் வேறு எது? அம்மாக்களே, பின்கழுத்தை இறக்கித் தையுங்கள். வெயில் படட்டும்.

"ஊர் இப்படித்தான் இருக்கிறது, உண்மையைச் சொன்னால் எவன் கட்டுவான், நீங்கள் பேராசிரியை, சொல்லிவிடுவீர்கள்" என்று என்னிடம் ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். காலத்தில் சரிசெய்யப்பட்ட எளிய குறைகளுள்ள பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், விரும்பினால் பிள்ளையும் பெறுகிறார்கள். மறைத்துவைக்கப்பட்டவள்தான் கல்யாணச் சந்தையிலும் கடைசியில் தோற்கிறாள். அந்தச் சந்தையை நான் ஏற்கவில்லை. அதன் கணக்குப்படி பார்த்தாலும் நீங்கள் போட்டது தப்புக் கணக்கு. தழும்பைக் கண்டு திரும்பிப்போகிறவன், உங்கள் பெண்ணுக்கு மூச்சு முட்டும் இரவில் ஆட்டோ கூப்பிட வெளியே ஓடுவான் என்றா நினைக்கிறீர்கள்?

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியகிரம் திட்டத்தில் பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். நல்லது. கண்டுபிடித்தவர்களில் பெண்கள் எத்தனை, சிகிச்சைக்கு வந்த பெண்கள் எத்தனை, வராமல் போனவர்கள் எங்கே என்று மாவட்டந்தோறும் ஆண், பெண் பிரித்து வெளியிடுங்கள். பேர் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆறு மாதமாகியும் வராத குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். அறுவைச் சிகிச்சை இலவசம்தான். ஆனால் வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவின் நாற்பது நாள் கூலி? அதைக் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டம்.

கடைசியாக, இதைப் படிக்கும் மாணவிகளுக்கு. சின்ன வயதில் "நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்க, அப்புறம் விட்டுட்டோம்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா? அம்மாவிடம் கேளுங்கள். பழைய சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும். எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு எக்கோ எடுங்கள். மாடி ஏறும்போது தோழிகளைவிட உங்களுக்கு முன்னதாக மூச்சு வாங்கினால் "உடம்பு வாகு" என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன் ஒரு முறை இதய மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும். அப்பா கையிலோ கணவன் கையிலோ வேண்டாம்.

அவள் இப்போது மாத்திரைகளோடு வாழ்கிறாள். நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, தினமும் மூன்று வேளை. கடின வேலை கூடாது, மாடி கூடாது, இனி கர்ப்பமும் கூடாது. வரும் கல்வியாண்டில் எம்.ஏ. சேர விண்ணப்பித்திருக்கிறாள். எங்கள் துறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளும் எம்.ஏ. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ஒரு ஆளுக்காகவா?" என்று கேட்டார்கள். ஆமாம், ஒரு ஆளுக்காக. அறை கிடைக்காவிட்டால் அந்த வேப்பமரத்தடியில் நடத்துவேன். முதல் பாடம் புறநானூறு.